கன்னிக்கு வைக்காத கல்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் போவது சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்களுக்குத்தான். கல்யாண போட்டோ, காதுகுத்து போட்டோ, சந்தன மாலை போட்ட பெரியவர் போட்டோ என்று எல்லாவற்றையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாகப் பார்ப்பார். பிறகு திரும்பி, குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்பார். "இதுல இல்லாதது யாருங்க?"

கேட்டதும் அந்த வீட்டில் யாராவது ஒருவர் வேலை இருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போவார்கள். அவருக்கு அது போதும். அதற்குமேல் நோண்ட மாட்டார். கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வீட்டுக்காரர்களுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது.

எனக்கு அவரைப் பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்தும் பிடிக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டாரோ கிரைண்டர் மோட்டாரோ, எது வந்தாலும் கழற்றி, எரிந்த காயிலை வெளியே எடுத்துக் காட்டிவிட்டுத்தான் என்ன கோளாறு என்று சொல்வேன். கழற்றாமலே கோளாறு சொல்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர் அந்த ரகம்.

ஏதோ ஒரு காலேஜில் மனோதத்துவம் நடத்திக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. பேண்ட் சட்டைக்கு ரப்பர் செருப்பு, டிவிஎஸ் ஃபிப்டி, ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் புத்தகம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இருந்தது கற்கள். ஆற்றில் உருண்டு வழுவழுப்பான கூழாங்கற்கள். மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் ஒரு பதியில், அதாவது மலைக்காரர்களின் சிற்றூரில், லீவு நாட்களெல்லாம் போய் உட்கார்ந்து ஊர்ப் பெரியவரான மூப்பனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயமாம் அது. அங்கே ஒருவர் செத்துப்போனால் ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்துவந்து முன்னோர்களின் கற்களோடு வைப்பார்கள். கல் வைத்தால்தான் செத்தவர் தன் ஆட்களோடு போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. வைக்காமல் விட்டால் அவர் வழி தெரியாமல் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார்.

இந்தக் கற்களை வைத்துக்கொண்டு சிங்காநல்லூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் வைத்தியம் பார்த்தார். வைத்தியம் என்று அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். வந்தவர்களுக்குக் கற்களைக் கொடுத்து, உங்கள் வீட்டில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கல் வையுங்கள் என்பார். வைத்து முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான். "யாருக்குங்க வெக்கல?" எங்கள் பக்கத்தில் அவருக்குக் கல்லு சார் என்றே பேராகிவிட்டது. கட்டணம் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. காசு வாங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தடவை டேபிள் ஃபேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்தார். ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒருத்தரு கொறையறாருங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. முன்னால் என்னோடு பங்குதாரனாக இருந்தவன் அந்தப் போட்டோவில் இருந்தான். பேச்சுவார்த்தை அறுந்த பிறகு அவனை வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஃபிரேம் போட்டேன். எதிர் டீக்கடையில் விசாரித்துக்கொண்டு வந்துதான் என்னிடம் வேலை காட்டுகிறார் என்று அன்றைக்கு முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடை சாத்தும்போது பார்த்தால் போட்டோவின் ஓரத்தில், என் தோளின்மேல் அவனுடைய விரல்கள் மிச்சம் இருந்தன. வெட்டும்போது விட்டுவிட்டிருக்கிறேன். அதைப் பார்த்ததும் கோபம் அடங்கவில்லை, அதிகமாயிற்று.

பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரிக்காரர் அவரிடம் போய்வந்தார். உலையைப் பற்றவைத்தால் மயக்கம் வந்து விழுவார். கல் வைத்துக் கல் வைத்து, அவருடைய தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததும், அதில் ஒரு பையன் அந்த உலையிலேயே வெந்து செத்ததும் வெளியே வந்தது. மயக்கம் நின்றுபோயிற்று. ஆனால் குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டான் என்று கூடப்பிறந்த தம்பி பிரிந்துபோனான். "மயக்கம் போச்சுங்க, தம்பியும் போயிட்டான்" என்று அந்த மனுஷர் என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆளை நம் வீட்டுப் பக்கம் சேர்க்கவே கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

முடிவு கட்டி என்ன செய்ய? என் தங்கச்சி வசந்திக்குப் பேச்சு நின்றுபோயிற்று.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. வாழைத் தோட்டம், தென்னந்தோப்பு, கௌரவமான குடும்பம். உறுதி செய்ய எல்லோரும் கூடியிருந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "என்ன அம்மணி, பையனப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார். வசந்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. தொண்டை டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது, பேக்கரி மாடிக்குக் கூட்டிப்போங்கள் என்றார். அந்த டாக்டர்மேலும் எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் விழுந்தது.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "கன்னி வந்து உக்காந்துட்டாடா" என்று அழுதாள்.

எங்கள் வீட்டில் ஒரு கன்னி உண்டு. அப்பாவின் அக்கா. பதினேழு வயதில் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுச் சாமி ஆகிவிடுவாள். உள்ளறையில் அவளுக்கு ஒரு தகரப் பெட்டி இருந்தது. வருஷா வருஷம் தை மாதத்தில் அதில் புதுப் பாவாடை தாவணியும் கண்ணாடி வளையலும் வைத்துப் பொங்கல் படைப்போம். போன வருஷம் வைத்த துணியை எடுத்து வீட்டில் கல்யாணமாகாத பெண் கட்டிக்கொள்ள வேண்டும். வயதுக்கு வந்ததிலிருந்து வசந்திதான் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "தை பொறக்கட்டும். தாலி ஏறுனா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்றார். மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருப்பதாகச் சொன்னார்கள். சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஒரு பெண் மணவறையில் உட்காரப்போகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் சரியாகப் படவில்லை. பிடிக்காத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்று பேக்கரி மாடிக்குக் கூட்டிப்போனேன்.

அவர் அவளைப் பேசச் சொல்லவே இல்லை.

"பேச வேண்டாங்க அம்மணி. அவசரமில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மனசுன்னா தனி ஆளு குடியிருக்கற ரூமுன்னு நெனச்சுக்கறோம். இல்லீங்க. அது கூட்டுக் குடும்பம். செத்தவங்களும் அங்கயேதான் இருக்கறாங்க. சொல்லாம விட்டதெல்லாம் அவுங்க அடுத்த ஆளு கையில குடுத்துப்போட்டுப் போறாங்க. வெள்ளக்கார டாக்டருங்க அத ஆழ்மனசுன்னாங்க. எங்க மூப்பன் கல்லுங்கறாரு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

"இவளுக்குப் பேச்சு வருமுங்களா, வராதுங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றேன்.

"இவுங்க யாருக்குப் பதிலாப் பேசாம இருக்கறாங்கன்னு பாக்கோணுமுங்க. உங்க ஊட்டுல பேச முடியாமப் போன பொண்ணு யாரு?"

நான் கன்னியைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைப் பற்றி, துணியைப் பற்றி. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆனால் கையிலிருந்த கல்லைப் பைக்குள் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டார். அதை நான் கவனித்தேன். கன்னிக்குப் படைக்கிற நாளில் வீட்டுக்கு வரலாமா என்று அவராகவே கேட்டார்.

வீடு சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே, பஸ் ஏறிப் போக வேண்டிய ஊரில். அவர் வந்த அன்று நடந்த இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்தின. எங்கள் வீட்டு நிலைவாசல் தாழ்வு. புதிதாக வருகிறவர் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் முதல் தடவை நெற்றியில் வாங்கிக்கொள்வார். அது எங்களுக்கு ஒரு வேடிக்கை. இவர் யாரும் சொல்லாமலே குனிந்து வந்தார். அடுத்தது, அந்த ஆள் பார்க்கிறவர்களை எல்லாம் முறை வைத்துக் கூப்பிடுகிறவர். பேக்கரிக்காரர் அண்ணா, என் கடைக்கு எதிரே இளநீர் விற்கிறவர் மாமா, பஸ் கண்டக்டர் தம்பி. என் அப்பாவை மட்டும் எந்த முறையும் வைக்காமல் "ஏனுங்க" என்றே கூப்பிட்டார்.

வசந்தி போன வருஷத்துப் பச்சைத் தாவணியைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். படையல் முடிந்து அம்மா பொங்கலை நீட்டினாள். "எனக்கு வேண்டாமுங்க" என்றார். சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்கிறவரை அம்மா அதுவரை பார்த்ததில்லை. அப்பா முறைத்தார். அதைக் கண்டுகொள்ளாமல் அவர் பையைத் திறந்து கற்களை அப்பாவுக்கு முன்னால் கொட்டினார்.

"உங்க காலத்துல இந்த ஊட்டுல செத்தவங்களுக்கு ஆளுக்கொண்ணு வெய்யுங்க. அம்மணிக்காக."

மகளுக்காக என்றதால் அப்பா உட்கார்ந்தார். தன் அப்பாவுக்கு வைத்தார், அம்மாவுக்கு வைத்தார். சித்தப்பாவுக்கு, பிறந்த கையோடு போன எங்கள் அண்ணனுக்கு. வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"ஆச்சுங்க."

அவர் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "கன்னிக்குங்க?"

"சாமிக்கு எதுக்குங்க கல்லு?"

"செத்துத்தானுங்க சாமி ஆனாங்க. செத்தவங்களுக்கெல்லாம் வெச்சுப்போட்டீங்க. இவுங்களுக்கும் வெச்சுருங்க. போய்ச் சேந்துருவாங்க."

அப்பா கல்லை வாங்கினார். வரிசைக்குப் பக்கத்தில் கை போயிற்று, வைக்காமல் திரும்பியது. மறுபடி போயிற்று. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வருஷம் தவறாமல் பெட்டியில் துணி வைத்துக் கும்பிட்ட கை, ஒரு கூழாங்கல்லைத் தரையில் வைக்க மாட்டேன் என்றது. "அட, வெச்சுப்போடுங்க" என்று அம்மா அதட்டினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தரைக்குக் கொண்டுபோனார்.

"வெக்காதீங்கப்பா!"

வசந்தியின் குரல். துருப்பிடித்த கிணற்று உருளை மாதிரி கரகரவென்று இருந்தது. பச்சைத் தாவணியோடு எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை சாகலீங்களா? உசுரோட இருக்கறவங்களுக்குக் கல்லு வெச்சுருவமோன்னு பயந்துதானே கையத் திருப்பித் திருப்பி எடுக்கறீங்க?"

அப்பா கல்லைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்தை கிணற்றில் விழவே இல்லை. பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரோடு மேட்டுப்பாளையத்துக்குப் போய்விட்டாள். தாத்தா அன்றைக்கே வீட்டோடு தலை முழுகிவிட்டு, ஊருக்குக் கிணற்றைக் காட்டிவிட்டார். அடுத்த வருஷம் மாடுகள் வரிசையாகச் செத்தன. குறி கேட்கப் போனார்கள். வீட்டில் செத்த பெண் கோபமாக இருக்கிறாள், கன்னியாக வைத்துக் கும்பிடுங்கள் என்று கோடாங்கி சொல்லிவிட்டான். அவள் சாகவில்லை என்று கோடாங்கியிடம் யார் சொல்வது? வாயைத் திறந்தால் மானம் போய்விடும். பெட்டி வாங்கி வந்து வைத்துவிட்டார்கள். அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த அப்பா, உயிரோடு இருக்கும் அக்காவைச் சாமி என்று கும்பிட்டே நரைத்துப்போனார்.

"எனக்கு இதெல்லாந் தெரியாதுண்ணா" என்று வசந்தி பிற்பாடு சொன்னாள். "அந்தப் பையன எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தேன். அந்தப் பொட்டி நெனப்பு வந்துச்சு. வேண்டாம்னு சொன்னா இந்த ஊட்டுல பொண்ணு பொட்டிக்குள்ள போயிருவான்னு எப்படியோ தோணிப்போச்சு. சத்தம் வரல."

அந்தக் கல்யாணம் நின்றது. என் தங்கச்சிக்குக் குரல் திரும்பியதில் நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் சந்தேகம் என்னை விடவில்லை. அப்பாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயத்தை இந்த ஆள் எப்படித் தொட்டார்? அவர் கல்லை நீட்டிய விதத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அது தேடுகிறவனின் கை இல்லை. இடம் தெரிந்து கைவைக்கிறவனின் கை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் வசந்தியும் நானும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினோம். அப்பா ஒரு துணிக்கடைப் பையை மடியில் வைத்திருந்தார். என்ன என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாத்தியார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டதாம்.

கதவைத் திறந்த அம்மாள் வெள்ளைச் சேலையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"சின்னு?" என்றார். எங்கள் அப்பாவை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஆள் இருப்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே சுவரில் சிலுவை. அதற்குக் கீழே ஜன்னல் திண்டில் கூழாங்கற்கள் வரிசையாக இருந்தன. அதே வழுவழுப்பு. வசந்தி ஓரமாக இருந்த சின்னக் கல்லைக் காட்டி, "இது யாருக்குங்க அத்தை?" என்றாள்.

"இவனுக்குத்தான் கண்ணு" என்று அத்தை அப்பாவைக் காட்டினார். "எல்லாரும் எனக்குத் தலமுழுகிப்போட்டீங்கன்னு சேதி வந்துது. எத்தன நாளைக்குத்தான் வாசலப் பாக்கறது? நானும் முழுகிப்போட்டேன்."

அப்பா பையை நீட்டினார். அத்தை பிரித்தார். பாவாடை தாவணி. வருஷா வருஷம் பெட்டிக்கு வாங்குகிற அதே அளவு. அறுபதை நெருங்கும் அக்காவுக்கு, பதினேழு வயதுக்காரி கட்டுகிற துணி. வேறு எதை வாங்குவது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தை அதை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார். "ஏன்டா, நான் வளந்தே இருக்க மாட்டேன்னு நெனச்சுட்டயா?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்போது பின்கட்டிலிருந்து வரக்காப்பி டம்ளர்களோடு அவர் வந்தார். கல்லு சார். பேண்ட் இல்லாமல் லுங்கியில். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"வாங்க மாமா" என்றார்.

நான் கத்திவிட்டேன். "என்ற தங்கச்சி தொண்டையப் புடிச்சுத்தான் உங்கம்மா பொறந்த ஊட்டுக்கு வழி போட்டீங்களா? டாக்டர் எங்கள உங்ககிட்ட அனுப்புனாரா, இல்ல அனுப்பச் சொல்லி நீங்க முன்னாடியே சொல்லி வெச்சீங்களா? அத மட்டுஞ் சொல்லுங்க!"

அவர் ஒரு டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார். அத்தைதான் சொன்னார். "ஊட்டுக்குப் போறேன்னு மட்டுந்தான் தம்பி எங்கிட்டச் சொன்னான். நெலவாசல் தாழ்வு, குனிஞ்சு போன்னேன்."

அவர் பஸ் ஏற்றிவிட வந்தபோது மறுபடி கேட்டேன். அப்போதும் பதில் இல்லை. ஊரில் எல்லோரும் எல்லாம் பேசினார்கள். சொத்துக்கு அடிபோடுகிறான் என்றார்கள். முறைப்பெண்ணுக்கு வலை விரிக்கிறான் என்றார்கள், அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பது தெரியாமல். எதுவும் நடக்கவில்லை. வசந்தி சில வருஷம் கழித்துத் தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டாள். கேட்டபோது சத்தமாகவே சரி என்று சொன்னாள். "அவரு எதுக்கு வந்தா உனக்கென்னண்ணா, எனக்குக் கொரல் வந்துதா இல்லையா?" என்பாள். எனக்கு அது போதவில்லை. உதவி செய்ய வந்தவனா, தனக்காக வந்தவனா என்று தெரியாமல் நன்றி சொல்ல எனக்கு வராது. இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த தையில் பெட்டி இல்லை. பொங்கலுக்கு அத்தையே வந்தார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மகனைக் குனிந்து போகச் சொல்லி அனுப்பிய வீடு, பிறந்து வளர்ந்த வீடு. அத்தை வேகமாகப் படியேறினார். ணங்கென்று நெற்றி நிலைவாசலில் மோதியது. நாங்கள் பதறி ஓடினோம். அவருக்குப் பின்னால் வந்த கல்லு சார் குனிந்தபடியே நின்றுவிட்டார். அத்தை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா சின்னு, இத இன்னும் ஒசத்திக் கட்டலியா நீ?"